வேலி ஏறும் நேரம்

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டு வாசலில் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி கறுப்பு ஷூ. தெருவிளக்கின் வெளிச்சம் அவற்றின் நுனியில் மட்டும் விழுந்திருந்தது. அதற்கு மேலே இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை, அதற்கும் மேலே முழுக்கைச் சட்டை, கடைசியாக முகம். முகம் இருட்டில் இருந்தது. பறவை பார்க்கப் போகிறவர் இப்படி உடுத்திக்கொண்டு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. பறவை பார்க்கப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

உண்மையில் அது பெண் பார்க்கும் சடங்கு. தட்டும் பஜ்ஜியும் இல்லாமல் நடந்தது என்பதுதான் வித்தியாசம். பார்க்கப்பட வேண்டியவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. கொச்சியில், மட்டாஞ்சேரியில் எங்களோடேயே இருந்தாள். சுள்ளிக்கல்லில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அதற்கு முன் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவரோடு பேச அவளுக்கு முன்னறையில், கதவைத் திறந்து வைத்து, பத்து நிமிஷம் கொடுத்தார்கள். இரண்டாமவருக்கும் அதே பத்து நிமிஷம்தான். அவர் அதை மின்விசிறியைப் பார்ப்பதில் செலவழித்தார். இருவரையும் சித்தி வேண்டாம் என்றாள்.

மூன்றாவதாக ஒருவர் என்று பேச்சு வந்தபோது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். முன்னறை வேண்டாம். வெளியே எங்கேயாவது ஒரு காலை முழுக்க அந்த மனிதரோடு நடந்து பேச வேண்டும். அப்பா சில நாள் யோசித்துவிட்டு அரைக் காலைக்கு ஒப்புக்கொண்டார். ஒன்பதரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரயிலேறுவார்கள்; அதற்குள் சித்தி பதில் சொல்லியாக வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அப்பாதான். ஊருக்குத் தெற்கே, உப்புநீரில் விளையும் பொக்காளி நெல் வயல்களுக்கும் காயல் என்கிற உப்பங்கழிக்கும் நடுவே ஒரு பறவைக் காப்பிடம் இருந்தது. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நடக்கப் பாதை உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குப் பறவைகள் மேல் எந்த அக்கறையும் கிடையாது. தெரிந்தவர்கள் யாரும் போகாத இடம் என்பதே அவர் கண்ணில் அதன் தகுதி.

என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். எங்கே போனாலும் இரண்டு பேருக்கும் நடுவில் இரு என்றார் அப்பா. கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொள், வந்து எல்லாவற்றையும் சொல்லு என்றாள் அம்மா. மூன்றாவதாக ஒரு பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வரப்போகிறவருக்கு மலையாளம் தெரியாது என்று கேள்விப்பட்டவுடன், வழியில் வரும் பலகைகளை எல்லாம் படித்துச் சொல்வது என் வேலை என்று முடிவு செய்தேன். எங்கள் குடும்பம் தாத்தாவின் அப்பா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. வீட்டில் பேச்சு தமிழ். எழுத்து என்று வந்தால் மலையாளம். தமிழ் எழுத்துகளை நான் வெகு காலம் கழித்தே கற்றுக்கொண்டேன். ஆனால் வகுப்பில் மலையாளத்தில் நான்தான் முதல். சித்தியோ வீட்டில் ஒரு மலையாளச் சொல் கலக்காமல் பேசுகிறவள். சோறு மதி என்று நான் சொன்னால், போதும் என்று திருத்துவாள். ஆகவே அன்றைக்குக் கிளம்பிய மூன்று பேரில் மலையாளம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வந்தவரை எப்படிக் கூப்பிடுவது என்பது ஒரு சிக்கல். விஷயம் முடிந்தால் அவர் சித்தப்பா. முடியாவிட்டால் யாருமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் வேண்டும். அம்மா எதுவும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி, "சேட்டா, போகலாமா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "சேட்டையா? நான் இன்னும் ஒரு சேட்டையும் பண்ணலியே பாப்பா."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அதன் பிறகு நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டில் எல்லோரும் சொன்னதுபோல மனசுக்குள் தென்காசிக்காரர் என்று வைத்துக்கொண்டேன்.

அவர் எர்ணாகுளத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டடங்களுக்கு டைல்ஸ் போடும் தமிழ் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்; கலூரில் ஊர் நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தார்; அதனால் மலையாளம் அவர் காதில் ஏறவே இல்லை. தோப்பும்படி பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தரையைக் காலால் தேய்த்துப் பார்த்து, "சரிவு தப்பு. தண்ணி நிக்கும்" என்றார். சித்தியிடம் அவர் முதன்முதலாகச் சொன்ன வாக்கியம் அது. சித்தி தரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பஸ் வந்துவிட்டது.

காப்பிடத்தின் வாசலில் ஓலை வேய்ந்த சின்னக் கொட்டகை. காவலரே சைக்கிளும் வாடகைக்குக் கொடுத்தார். பக்கத்தில் பறவைகளின் படம் போட்ட பெரிய பலகை இருந்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மலையாளப் பெயர். நான் அதற்கு முன்னால் நின்று வரிசையாக மனப்பாடம் செய்தேன். சித்தி காவலரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டி நீர்ப் பக்கம் காட்டினார், பிறகு தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சித்தி தலையாட்டினாள். தென்காசிக்காரர் சைக்கிள்களைத் தூக்கித் தூக்கி, எது நேராக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ரோஸ் நிறக் கூடை வைத்த சின்ன சைக்கிள் கிடைத்தது. பாதை என்பது இரண்டு பக்கமும் நீர் நிற்கும் மண்கரை. நெல் அறுத்த பிறகு வயல்களில் காயல் நீரை விட்டு இறால் வளர்ப்பார்கள்; அந்த மாதம் எல்லாமே நீராக இருந்தது. கரையில் ஒரு சைக்கிள்தான் போக முடியும். தென்காசிக்காரர் முன்னால், நான் நடுவில், சித்தி பின்னால். அப்பாவின் கட்டளையை நிறைவேற்ற நான் எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டது எல்லாம் என் தலைக்கு மேலேதான் போய் வந்தது.

"கொச்சி பிடிச்சிருக்கா?" பின்னாலிருந்து சித்தி.

"பிடிக்காம என்ன." முன்னாலிருந்து அவர்.

"அப்ப இங்கயே இருப்பீங்களா, ஊருக்குப் போயிடுவீங்களா?"

"பாக்கலாம்."

சித்திக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். அவருடைய அம்மா தரகரிடம் சொல்லி அனுப்பியது வேறு: பையன் ஒரு வருஷத்தில் தென்காசிக்கு வந்துவிடுவான், கடை வைத்துக் கொடுக்கப் போகிறோம். சித்தி தென்காசிக்குப் போக விரும்பவில்லை. அவள் வேலை இங்கே, கூட்டாளிகள் இங்கே, சனிக்கிழமை சாயங்காலம் படகேறி எர்ணாகுளம் போய்க் கடைகளைச் சுற்றிவிட்டு வருவது இங்கே. ஆள் பிடிக்கிறதா என்பது அவளுக்கு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை எந்த முன்னறையிலும் கேட்க முடியாது. கேட்டால் பதில் சொல்வது அவருடைய அம்மாவாக இருக்கும்.

சித்தி அதைச் சுற்றிச் சுற்றிக் கேட்டாள். கலூர் அறை வாடகை எப்படி, ஊரில் கடை எந்தத் தெருவில், மழைக்காலத்தில் வேலை நடக்குமா. எல்லாம் கடைசியில் அதே இடத்துக்கு வந்தது. அவரும் ஒவ்வொரு தடவையும் பாக்கலாம் என்றார். அம்மாவிடம் சொல்வதற்காக அந்தப் பாக்கலாம்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பறவைகள் வர ஆரம்பித்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

நீர் வற்றிய சேற்றுத் திட்டுகளில் அவை சிதறிக் கிடந்தன. உடம்பைவிட நீளமான சிவப்புக் கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள். நட்டு வைத்த மூங்கில்களின் உச்சியில் துணி காயப் போட்டதுபோல இறக்கையை விரித்து நிற்கும் நீர்க்காகங்கள். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. நீரில் ஒரு கழுத்து மட்டும் பாம்புபோல நெளிந்து போயிற்று; உடம்பே இல்லை. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கழுத்து மறைந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி எழுந்தபோது அலகின் நுனியில் ஒரு மீன் குத்திக் கிடந்தது. அதை மேலே தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக வாயில் வாங்கி விழுங்கிற்று.

"அதோட உடம்பு எங்கே?" என்று கேட்டேன்.

"கொக்குதான். குளிக்குது" என்றார் தென்காசிக்காரர்.

"சேரக்கோழி. பலகையில போட்டிருந்தது" என்றேன்.

"எனக்கு எல்லாம் கொக்குதான். அது வெள்ளைக் கொக்கு, இது கறுப்புக் கொக்கு, அந்தாக்குல நிக்கது சின்னக் கொக்கு."

"எங்க ஊர்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு உண்டு" என்றாள் சித்தி.

"எங்க ஊர்லயும் உண்டு. சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்ல."

சித்தி சைக்கிளை மறுபடி மிதிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

கரை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. நேராகப் போனால் நடுக் காயல் பக்கம் ஒரு துருத்து, அதாவது சின்னத் தீவு போன்ற மேடு. அதில் பறவை பார்க்க உயரமான மரமேடை. பலகையில் நீல மையில் மலையாளத்தில் ஒரே ஒரு வரி. தென்காசிக்காரர் காலை ஊன்றி நின்று, "என்ன போட்டிருக்கான், படி பாப்பா" என்றார்.

நான் உரக்கப் படித்தேன். "வேலியேற்ற சமயத்து ப்ரவேசனமில்ல."

"அப்படின்னா?"

நான் யோசித்தேன். பிரவேசனம் இல்லை என்றால் உள்ளே போகக் கூடாது. சமயம் என்றால் நேரம். வேலி என்றால் வேலி. "வேலி ஏறுற நேரத்துல உள்ள போகக் கூடாதாம்" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். நீர், சேறு, தென்னை, வானம். "வேலியே இல்லியே."

"அதான். நாம வேலி ஏறலியே. சைக்கிள்லதானே போறோம். போகலாம்."

அதில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சித்தி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்துப் பார்த்தாள். பிறகு, "போகலாம்" என்றாள்.

அங்கிருந்து துருத்து போய்ச் சேரும் வரை என் கவனம் எல்லாம் வேலியைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. ஏறக் கூடாது என்று எழுதி வைக்கும் அளவுக்கு ஒரு வேலி இருக்கிறது என்றால் அது எங்கோ முன்னால் இருக்க வேண்டும். மூங்கில் வரிசை ஒன்று தெரிந்தது. "அதா வேலி?" என்றேன். "அது மீன் தப்பாம இருக்க வச்ச தடுப்பு" என்றார் அவர். சீனவலை ஒன்றின் கழிகள் தெரிந்தன. அதுவும் வேலி இல்லை. மதகின் பலகையைக் காட்டினேன். "வேலின்னா நீளமா இருக்கணும் பாப்பா. ஒருத்தன் ஏறித் தாண்டற மாதிரி இருக்கணும்." துருத்தில் நான்கு தென்னைகளும் மரமேடையும் மட்டும் இருந்தன. வேலி இல்லாத ஊரில் வேலி ஏறுகிறவர்கள் யாராக இருக்கும் என்று எனக்குப் பெரிய ஆவலாக இருந்தது. திருடர்களாக இருக்கலாம். இறால் திருடர்கள்.

மேடையில் ஏறி உட்கார்ந்தோம். தென்காசிக்காரர் பையிலிருந்து ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ் எடுத்தார். ஷூவைக் கழற்றி, உள்ளே போயிருந்த மண்ணைத் தட்டி, ஜோடியாகப் படியில் வைத்தார். சித்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பறவைகள் எல்லாம் தூரத்தில் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவர் கிளம்பலாமா என்றார். சித்தி, இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றாள். பின்னால் மறுபடி ஒரு தடவை அவர் கேட்டார். சித்தி என்னைக் காட்டி, பிள்ளை இப்பத்தான் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள் என்றாள். அது உண்மையும்கூட. பறவைகள் எங்கள் பக்கம் நகர ஆரம்பித்திருந்தன. தூரத்துச் சேற்றில் நின்றவை கூட்டங்கூட்டமாக எழுந்து பறந்து, துருத்தின் ஓரத்தில் வந்து இறங்கின. உள்ளான்களின் கண்கூடத் தெரிந்தது, அதுவும் சிவப்பு. ஏன் வருகின்றன என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவை நின்றிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் போய்க்கொண்டிருந்தன என்பதை முதலில் கவனித்தவர் தென்காசிக்காரர்.

அவர் இறங்கிப் போய் நீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டார். மேடையில் வந்து உட்கார்ந்து அதையே பார்த்தார். குச்சியின் அடி மறைந்தது. பிறகு பாதி மறைந்தது. நாங்கள் வந்த கரையைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே கரை இல்லை. நடுவில் ஓரிரு புல் நுனிகள் மட்டும் நீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

"ஏ பாப்பா, அந்தப் பலகையில இருந்ததை இன்னொரு தரம் சொல்லு."

"வேலியேற்ற சமயத்து."

"வேலி... ஏத்தம்." அவர் நீரைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். "ஏத்தம். தண்ணி ஏத்தம்லா இது. வேலியுமில்ல கீலியுமில்ல."

மலையாளத்தில் வேலியேற்றம் என்றால் கடல்நீர் ஏறுவது, இறங்குவது வேலியிறக்கம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எங்கள் தெரு ஓடையிலும் காயல் நீர் ஏறி வரும். ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெள்ளம் கேறி என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் அதற்கு இப்படி ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் படிச்சிருக்க. அர்த்தந்தான் வேலி தாண்டிப் போயிட்டு."

பிறகு சித்தியிடம் கேட்டார். "உங்களுக்கும் தெரியலியா?"

"நான் பலகையைப் பாக்கல" என்றாள் சித்தி. அப்போது அவள் ஒரு மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையின் மேல் ஏறிய நீர் முழங்கால் அளவுகூட இருக்காது. ஆனால் கரை எங்கே முடிகிறது, இறால் குளம் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து தெரியவில்லை. குளம் ஆழம். சித்திக்கு நீந்தத் தெரியும். தானே போய் ஆள் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவர் வேண்டாம் என்றார். "எனக்கு நீச்சல் தெரியாது. நீங்க போய்ட்டா இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?" அதை அவர் வெட்கப்படாமல் சொன்னார். சித்தி தலைப்பை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மணி ஒன்பதரையைத் தாண்டியது. வீட்டில் அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மா விடியும் முன்பே அடுப்பு மூட்டியிருந்தாள். அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. மேடையின் கைப்பிடிக் கட்டையில் ஏறி நின்று கையை உயர்த்தினால் ஒரு கோடு வந்து வந்து போயிற்று.

"பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் சித்தி.

"அதான் காலையிலருந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்களே."

"நீங்கதான் பதில் சொல்லல."

அவர் சிப்ஸ் பொட்டலத்தின் வாயைச் சுருட்டி மடித்தார். "எங்கம்மாகிட்ட சொல்லத் தைரியமில்ல. அதான் விஷயம். ஊருக்குப் போறதுல எனக்கும் இஷ்டமில்ல. அங்க போனா மறுபடி அம்மா பிள்ளையா கடையில உக்காரணும். இங்க நானா ஒரு ஆளா இருக்கேன்."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொல்லணும். பாக்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்ற வரைக்கும் தண்ணி இறங்காது" என்றாள் சித்தி.

"நீச்சல் தெரியாதவன்கிட்ட பேசுற பேச்சா இது?"

அவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. அவர் கைப்பிடிக் கட்டையில் ஏறினார். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அதனால் அவர் கத்த வேண்டியிருந்தது. அவருடைய அம்மாவும் கத்தினார். உள்ளான்கள் சில எழுந்து பறந்தன.

"ஏலே, எங்கல இருக்க? எல்லாரும் காத்துக் கெடக்கோம்."

"பறவை பாக்க எடத்துலதாம்மா. தண்ணி ஏறிட்டு. வர முடியல. பயப்படாத, எல்லாரும் நல்லா இருக்கோம்."

"தண்ணியா? என்ன தண்ணி?"

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் இங்கயேதான் இருக்கப் போறேன்."

"இங்கயேன்னா? அந்தத் தண்ணிக்குள்ளயா? ஏலே, வள்ளம் கிள்ளம் வராதா?"

"தண்ணிக்குள்ள இல்லம்மா. கொச்சியில. ஊருக்கு வரல. கடை வேண்டாம். இங்கயே இருக்கேன்."

போனில் பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது. எங்கள் வீட்டுச் சமையலறையாக இருக்க வேண்டும். பிறகு அந்த அம்மாவின் குரல் இறங்கி வந்தது. "அதை இப்ப ஏம்ல சொல்லுத? வா. நேர்ல பேசிக்கிடுவோம்."

"நேர்ல வந்தா சொல்ல மாட்டேம்மா. அதான் இப்பவே சொல்லுதேன்."

கோடு போய்விட்டது. அவர் இறங்கி, கைக்குட்டையால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். சித்தி பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அன்று காலையில் அவள் அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். அதுவும் அவருடைய சிப்ஸ்.

எனக்கு அந்தப் பேச்சில் ஒரு சந்தேகம்தான் இருந்தது. கொச்சியில் ஏற்கெனவே இருக்கிறவர், இருக்கப் போவதாகத் தன் அம்மாவிடம் ஏன் அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும்? கேட்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஒரு சேரக்கோழி மிகப் பக்கத்தில் வந்து ஒரு கட்டையில் ஏறி நின்றது. முழு உடம்பையும் முதல் முறையாகப் பார்த்தேன். அதற்கும் நீர்க்காகத்தைப் போலவே இறக்கையை விரித்துக் காயவைக்க வேண்டியிருந்தது. கேள்வி மறந்துபோயிற்று.

காவலர் வள்ளத்தோடு வந்து சேர நேரமாயிற்று. தூரத்து மதகு ஒன்றைத் திறக்கப் போயிருந்தாராம். திரும்பி வந்து கொட்டகையில் மூன்று சைக்கிள் குறைவதைப் பார்த்ததும் கிளம்பியிருக்கிறார். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வரும்போதே சித்தியைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார்.

"ஞான் பறஞ்ஞதல்லே சேச்சி, எட்டரைக்கு மும்பு திரிச்சு வரணம்னு? சேச்சி தலையாட்டியதல்லே?"

எட்டரைக்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்று நான் சொன்னேனே, நீங்களும் தலையாட்டினீர்களே என்பதுதான் அது. எளிய மலையாளம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தென்காசிக்காரர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதாரு?" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"ஷூவைக் கழட்டிட்டு வள்ளத்துல ஏறச் சொல்றார்" என்றாள் சித்தி.

அவர் அப்போதுதான் ஷூவை மாட்டி முடிச்சுப் போட்டிருந்தார். குனிந்து மறுபடி அவிழ்த்தார். அவர் அதை ஏன் செய்கிறார் என்று புரியாமல் காவலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சித்தியை நினைத்து வருத்தமாக இருந்தது. இவ்வளவு எளிய வாக்கியம்கூட அவளுக்கு விளங்கவில்லை. அந்நியர் ஒருவர் முன்னால் அவளைத் திருத்தக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். காலையில் நானும் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லியிருந்தேன் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நாங்கள் வீடு சேர்ந்தபோது சாம்பாரை இரண்டாம் முறை சூடு பண்ணியிருந்தார்கள். தென்காசிக்காரரின் அம்மா இலையைப் பார்த்தே சாப்பிட்டார். பாயசத்துக்குப் பிறகு, சுள்ளிக்கல் பக்கம் வீட்டு வாடகை எவ்வளவு இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பதில் சொல்லும் முன் சமையலறைக் கதவைப் பார்த்தார். அங்கே சித்தி அம்மாவிடம், "சரின்னு சொல்லிடு" என்றாள்.

அவர்கள் போன பிறகு அம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போய், என்ன பேசினார்கள் என்று கேட்டாள். நான் உள்ளான்களின் கால் நிறத்தையும் கண் நிறத்தையும், சேரக்கோழி மீனை விழுங்கும் முறையையும், வேலியேற்றத்துக்கும் வேலிக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொன்னேன். அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. அதற்கு முன்பே, அந்தப் பயணத்துக்கு அடுத்த வாரம், நான் என்னுடைய மலையாளப் பாடப் புத்தகத்தைச் சித்தியிடம் கொடுத்தேன். தினமும் ஒரு பாடம் படி சித்தி, புரியாததை என்னிடம் கேள் என்றேன். அவள் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள். சில நாள் கழித்து, கிழிந்திருந்த அட்டையை ஒட்டி, நன்றாக இருந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவள் பி.ஏ. என்பது எனக்குத் தெரியும். பி.ஏ. என்பதே ஒரு பாடத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

அவள் படித்தது மலையாளம்.